டிரைவருக்குக் கையெழுத்துப் போடுவது யார்?



பழைய மாணவர் ஒருவர் போன வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "டீச்சர், ஒரு பழைய கருவிக்கு இலவச டிரைவர் ஒண்ணு கிடைச்சுது. அதோட நிரல் முழுக்க யார் வேணும்னாலும் படிக்கற மாதிரி திறந்து வெச்சிருக்காங்க. ஆனா விண்டோஸ், 'டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்க முடியவில்லை'ன்னு சொல்லி உள்ளேயே விட மாட்டேங்குது. எல்லாத்தையும் திறந்து காட்டறவங்களுக்கு ஏன் இந்தக் கெடுபிடி?"

நல்ல கேள்வி. நான் படித்தது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம். கணினி எனக்குப் பிற்காலத்தில் வந்த சங்கதி. ஆனால் எந்தக் கெடுபிடிக்குப் பின்னாலும் ஒரு வரலாறு இருக்கும், அதைத் தேடிப் படிப்பதில் எனக்கு அலுப்பே வராது. படித்ததை எல்லோருக்குமாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். காப்பியை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில், டிரைவர் என்றால் என்ன? பிரிண்டர், கேமரா, வைஃபை என்று கணினியோடு சேரும் ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு பாஷை பேசும். இயங்குதளத்துக்கு அந்த பாஷை தெரியாது. இடையில் நின்று பேசும் சிறிய நிரல்தான் டிரைவர். சிக்கல் எங்கே என்றால், பல டிரைவர்கள் கெர்னல் என்னும் கருவறைக்குள்ளேயே உட்கார்ந்து வேலை செய்கின்றன. நாம் பயன்படுத்தும் மற்ற மென்பொருள்கள் எல்லாம் வெளி மண்டபத்தில் நிற்பவை. கருவறைக்குள் நுழைந்தவருக்கு எந்தப் பூட்டும் தடையில்லை. விசைப்பலகையில் நீங்கள் தட்டும் கடவுச்சொல்லைப் பார்க்கலாம், கோப்புகளை மறைக்கலாம், வைரஸ் தடுப்பு மென்பொருளையே ஏமாற்றலாம். அங்கே ஒரு சின்னத் தவறு நடந்தாலும் கணினி முழுவதும் படுத்துவிடும். அதனால்தான் உள்ளே வருபவர் யார் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது டிஜிட்டல் கையெழுத்து. 1976-இல் அமெரிக்காவில் விட்ஃபீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்ற இருவர் ஒரு யோசனையை வெளியிட்டார்கள். ஒருவரிடம் இரண்டு சாவிகள் இருக்கட்டும். ஒன்று அவருக்கு மட்டுமே தெரிந்த இரகசியச் சாவி, மற்றது ஊருக்கே கொடுத்துவிடும் பொதுச் சாவி. இரகசியச் சாவியால் போட்ட கையெழுத்தைப் பொதுச் சாவி வைத்திருக்கும் எவரும் சரிபார்க்கலாம், ஆனால் யாராலும் அதைப் போலப் போட முடியாது. 1977-இல் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் மூவரும் இதைச் செய்து காட்டும் கணித முறையைக் கண்டுபிடித்தார்கள். ஒரு கோப்பைப் பிழிந்து சிறிய எண் ஒன்றை எடுத்து, அந்த எண்ணுக்குக் கையெழுத்துப் போடுவார்கள். கோப்பில் ஒரு காற்புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும், கையெழுத்து செல்லாது.

ஆனால் இந்தப் பொதுச் சாவி இன்னாருடையதுதான் என்று யார் சொல்வது? நம் ஊரில் சான்றிதழ் நகலுக்குப் பச்சை மையில் கெஜட்டட் அதிகாரி கையெழுத்து வாங்க அலைந்தது நினைவிருக்கிறதா? அதே வேலையைக் கணினி உலகில் சில தனியார் நிறுவனங்கள் செய்கின்றன. நிறுவனப் பதிவு, முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இந்தச் சாவி இவருடையதே" என்று சான்றிதழ் கொடுப்பார்கள். கட்டணம் உண்டு. அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும். இந்த முறையும் சறுக்கியிருக்கிறது. 2001 ஜனவரியில் யாரோ ஒருவர், தான் மைக்ரோசாஃப்ட் ஊழியர் என்று சொல்லி, வெரிசைன் நிறுவனத்திடமிருந்து மைக்ரோசாஃப்ட் பெயரிலேயே இரண்டு சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு போய்விட்டார்!

விண்டோஸ் எக்ஸ்பி 2001-இல் வந்தது. கையெழுத்து இல்லாத டிரைவரைப் போட்டால் அது ஓர் எச்சரிக்கை காட்டும். "தொடர்க" என்ற பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது. எல்லோரும் அழுத்தினார்கள். அதற்கான விலையும் வந்தது. 2005 அக்டோபர் 31 அன்று மார்க் ருசினோவிச் என்ற வல்லுநர் ஒரு செய்தியை வெளியிட்டார். சோனி பிஎம்ஜி நிறுவனத்தின் இசைத்தட்டு ஒன்றைக் கணினியில் போட்டதும், நகலெடுப்பதைத் தடுக்கிறோம் என்ற பெயரில் ஒரு மென்பொருள் உள்ளே இறங்கி, கருவறையில் உட்கார்ந்து, தன்னையே மறைத்துக்கொள்கிறது என்பதே அந்தச் செய்தி. பாட்டுக் கேட்க வாங்கிய தட்டு வீட்டுக்குள் ஓர் ஆளை ஒளித்து வைத்தது போல. அமெரிக்காவில் வழக்குகள் நடந்தன, தட்டுகள் திரும்பப் பெறப்பட்டன.

எச்சரித்தால் மட்டும் போதாது என்று மைக்ரோசாஃப்ட் முடிவு செய்தது. 2006 நவம்பரில் நிறுவனங்களுக்கும் 2007 ஜனவரியில் பொதுமக்களுக்கும் வந்த விஸ்டாவின் 64 பிட் பதிப்பில், கையெழுத்து இல்லாத கெர்னல் டிரைவர் ஏறவே ஏறாது. கணினியின் சொந்தக்காரர் சம்மதித்தாலும் ஏறாது. திரைப்படம், பாடல் போன்றவற்றை நகலெடுக்காமல் காப்பதும் இதற்கு ஒரு காரணம். சோதனை செய்பவர்களுக்கு மட்டும் ஒரு வழி வைத்தார்கள். கணினி தொடங்கும்போது எஃப்8 விசையை அழுத்தி அந்த ஒரு முறைக்கு மட்டும் சோதனையை நிறுத்தலாம். இல்லையென்றால் சோதனை நிலையில் ஓட்டலாம், அப்போது திரையின் மூலையில் அதற்கான அறிவிப்பு நின்றுகொண்டே இருக்கும்.

திறந்த மூல டிரைவர் எழுதுபவர்கள் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

அவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். பகலில் வேறு வேலை, இரவில் தன் விருப்பத்துக்கு நிரல் எழுதி ஊருக்கு இலவசமாகக் கொடுப்பவர். அவருக்கு நிறுவனப் பதிவு இல்லை, அலுவலக முகவரி இல்லை, வருமானமும் இல்லை. சான்றிதழுக்கு ஆண்டுக்குச் சில நூறு டாலர் கைக்காசு போட வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. திறந்த மூலத்தின் உயிரே, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்பதுதான். திருத்திய மறுநொடி கையெழுத்து செல்லாமல் போகிறது. திருத்தும் உரிமை காகிதத்தில் இருக்கிறது, திருத்தியதை ஓட்டும் வழியோ அடைபட்டுவிட்டது.

அவர்கள் சும்மா இருக்கவில்லை. மூன்று வழிகள் கண்டார்கள்.

முதல் வழி, பின்னால் ஒரு நிறுவனம் இருப்பது. இணையத்தில் பாதுகாப்பான தனிப்பாதை அமைக்கும் ஓப்பன்விபிஎன் என்ற மென்பொருளை நீங்கள் அலுவலகங்களில் பயன்படுத்தியிருக்கலாம். விண்டோஸில் அதற்கென்று ஒரு கெர்னல் டிரைவர் தேவை. அந்தத் திட்டத்துக்குப் பின்னால் அதே பெயரில் ஒரு நிறுவனம் இருந்ததால், அதன் பெயரில் கையெழுத்துக் கிடைத்தது.

இரண்டாவது வழி, கருவறைக்கே போகாமல் இருப்பது. யுஎஸ்பி கருவிகளுக்கு மைக்ரோசாஃப்ட் தானே கையெழுத்திட்ட வின்யுஎஸ்பி என்ற பொதுவான டிரைவர் உண்டு. அதை உள்ளே விட்டுவிட்டு, தங்கள் நிரலை வெளி மண்டபத்திலிருந்தே அதனோடு பேச வைத்தார்கள். ஸேடிக் என்ற இலவசக் கருவி இந்த ஏற்பாட்டைச் செய்து தருகிறது. நிறுவும்போது தேவைப்படும் கையெழுத்துக்கு உங்கள் கணினியிலேயே ஒரு சாவியைச் செய்து, வேலை முடிந்ததும் இரகசியச் சாவியை அழித்துவிடும். வேறு யாரும் பிறகு அதை எடுத்துத் தவறாகப் பயன்படுத்த முடியாது. எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது.

மூன்றாவது வழி, ஒருவருக்காக இன்னொருவர் கையெழுத்திடுவது. ரியாக்ட்ஓஎஸ் என்று ஒரு திட்டம் உண்டு. விண்டோஸுக்கான மென்பொருள்களும் டிரைவர்களும் ஓடக்கூடிய ஓர் இயங்குதளத்தைத் திறந்த மூலமாகவே எழுத வேண்டும் என்று 1996-இல் ஃப்ரீவின்95 என்ற பெயரில் தொடங்கி, 1998-இல் இந்தப் பெயர் பெற்றது. அதற்குப் பின்னால் இருக்கும் அறக்கட்டளை, தன் சான்றிதழைக் கொண்டு பிறருடைய திறந்த மூல டிரைவர்களுக்கும் கையெழுத்திட்டுத் தர முன்வந்தது. வசதியில்லாத பிள்ளைக்கு ஊர்ப் பெரியவர் ஜாமீன் நிற்பது போல.

ஜாமீன் நிற்பது லேசான காரியம் இல்லை. 2007-இல் ஆட்சிவ் என்றொரு மென்பொருள் வந்தது. அதன் டிரைவருக்கு முறையான கையெழுத்து இருந்தது. அந்த டிரைவரின் வேலையோ, கையெழுத்து இல்லாத மற்ற டிரைவர்களைப் பின்கதவு வழியாக உள்ளே விடுவது! சில வாரங்களுக்குள் அதன் சான்றிதழ் இரத்தானது. சான்றிதழ் இரத்தானால் அந்தச் சாவியால் கையெழுத்திட்ட மற்ற டிரைவர்களும் சந்தேகத்துக்கு ஆளாகும். பத்துப் பேருக்கு ஜாமீன் நிற்பவர், அதில் ஒருவர் தவறு செய்தாலும் மீதி ஒன்பது பேரையும் சேர்த்து இழப்பார். எனவே மூல நிரலை வாங்கிப் படித்துப் பார்த்து, தன் கணினியிலேயே தொகுத்து, அதன் பிறகு கையெழுத்திடுவதுதான் அவருக்குப் பாதுகாப்பு. அதற்கு நேரமும் பொறுமையும் வேண்டும்.

இப்படி நல்லவர்கள் வாசலில் காத்திருந்த காலத்தில், 2010 ஜூனில், பெலாரஸ் நாட்டின் ஒரு வைரஸ் தடுப்பு நிறுவனம் ஸ்டக்ஸ்நெட் என்ற புழுவைக் கண்டுபிடித்தது. ஈரானின் நத்தான்ஸ் அணு நிலையத்தில் யுரேனியம் செறிவூட்டும் இயந்திரங்களைக் கெடுப்பதற்காகச் செய்யப்பட்டது அது. அதன் டிரைவரில் கையெழுத்து இருந்தது. தைவானின் ரியல்டெக் நிறுவனத்தின் உண்மையான சாவியால் போட்ட கையெழுத்து. அந்தச் சான்றிதழ் இரத்தானதும், ஜேமைக்ரான் என்ற இன்னொரு தைவான் நிறுவனத்தின் கையெழுத்தோடு வேறொரு டிரைவர் வந்தது. இரண்டு நிறுவனங்களுக்கும் சின்ச்சு அறிவியல் பூங்காவில் அலுவலகம் உண்டு. சாவிகள் திருடப்பட்டவை என்பதே வல்லுநர்களின் முடிவு. வாசலில் நின்ற காவல்காரர் சீட்டைப் பார்த்தார், சீட்டு அசல். உள்ளே விட்டார்.

அடுத்து 2012. விண்டோஸ் 8 முத்திரை பெறும் கணினிகளில் செக்யூர் பூட் என்ற ஏற்பாடு இயக்கத்தில் இருக்க வேண்டும் என்றானது. கணினி கண் விழிக்கும் நொடியிலேயே, முதலில் ஓடும் நிரலுக்குத் தெரிந்த கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்கும். பெரும்பாலான கணினிகளில் பொதுவாகப் பதிந்திருந்தது மைக்ரோசாஃப்டின் சாவி. அப்படியானால் லினக்ஸ்? 2011 முதல் நம் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அதன் பிறகு சொந்தக் காசில் கணினி வாங்கி லினக்ஸ் போட நினைத்தவர்கள் முட்டிக்கொண்டது இந்தக் கதவில்தான்.

ரெட் ஹாட் நிறுவனத்தில் இருந்த மாத்யூ காரெட் என்பவர் 2011-லேயே இதைப் பற்றி எச்சரித்தார். 2012-இல் வழியும் சொன்னார். மைக்ரோசாஃப்டின் கையெழுத்துச் சேவையில் சேர ஒருமுறைக் கட்டணம் அப்போது 99 டாலர், அந்தப் பணம் போனது வெரிசைனுக்கு. அதைக் கட்டி, ஷிம் என்ற மிகச் சிறிய நிரலுக்கு மட்டும் மைக்ரோசாஃப்டின் கையெழுத்தை வாங்குவது. ஷிம்முக்குள் ஃபெடோராவின் பொதுச் சாவி இருக்கும். அதற்கு மேல் வரும் கெர்னலுக்கு ஃபெடோராவே கையெழுத்திட்டுக்கொள்ளும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் மைக்ரோசாஃப்ட் வாசலில் நிற்க வேண்டாம்.

சுசே லினக்ஸ்காரர்கள் இதில் ஒன்றைச் சேர்த்தார்கள். கணினியின் உரிமையாளரே தன் சாவியைப் பதிந்துகொள்ளும் ஏற்பாடு. உபுண்டுவில் என்விடியா டிரைவரையோ விர்ச்சுவல்பாக்ஸையோ போட்டபின், மறுதொடக்கத்தில் நீலத் திரை ஒன்று வந்து கடவுச்சொல் கேட்டதைப் பார்த்திருப்பீர்கள். பயந்து அணைத்தவர்களும் இருப்பீர்கள். அது பயப்பட வேண்டிய திரை இல்லை. "இந்தச் சாவியை நம்பலாமா?" என்று வீட்டுக்காரரான உங்களிடமே கேட்கிறது. இந்த வரலாறு முழுவதிலும், சொந்தக்காரரை மதித்து அனுமதி கேட்கும் இடம் அது.

லினக்ஸ் அறக்கட்டளையும் 2012 அக்டோபரில் தன் பங்குக்கு ஒரு சிறு நிரலை அறிவித்தது. அதற்குக் கையெழுத்து வாங்கப் போன ஜேம்ஸ் பாட்டம்லி பட்ட பாட்டை அவரே எழுதியிருக்கிறார். கோப்பை ஏற்றும் பக்கத்துக்கு மைக்ரோசாஃப்டின் சில்வர்லைட் தேவைப்பட்டதால், லினக்ஸுக்கான கையெழுத்தை வாங்க அவர் விண்டோஸைத் திறக்க வேண்டியிருந்தது! கையெழுத்திட்ட கோப்பு வெளியானபோது 2013 பிப்ரவரி.

லினக்ஸின் உள்ளேயும் மாற்றம் வந்தது. 2012 டிசம்பரில் வந்த 3.7 பதிப்பிலிருந்து, கெர்னலில் ஏற்றும் டிரைவர்களுக்குக் கையெழுத்திடும் வசதி உண்டு. கெர்னலைத் தொகுக்கும்போதே ஒரு சாவியை உண்டாக்கி, எல்லா டிரைவர்களுக்கும் கையெழுத்திட்டு, பிறகு அந்தச் சாவியை எறிந்துவிடலாம். 2013-இல், மைக்ரோசாஃப்ட் கையெழுத்திட்ட கோப்புகளின் வழியாகவும் சாவிகளைக் கெர்னல் ஏற்க வேண்டும் என்று ஒரு கோரிக்கை வந்தபோது, லினஸ் டோர்வால்ட்ஸ் கடுமையாக மறுத்தார். சாவி கணினியின் உரிமையாளர் கையில் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

விண்டோஸ் பக்கம் கதவு இன்னும் இறுகியது. 2016-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பு முதல், புதிய கெர்னல் டிரைவர்களுக்கு மைக்ரோசாஃப்டே கையெழுத்திட வேண்டும் என்றானது. அதற்கு விண்ணப்பிக்கவே ஒரு உயர்நிலைச் சான்றிதழ் வேண்டும். அது பதிவு பெற்ற அமைப்புகளுக்கு மட்டும், அதிலும் சாவி ஒரு தனிக் கருவிக்குள் இருக்க வேண்டும். ஆடிட்டர் அலுவலகத்தில் பென் டிரைவ் போல ஒன்றைச் செருகிக் கணக்குத் தாக்கல் செய்வார்களே, அந்த மாதிரி. தனி ஆளாக நிரல் எழுதுபவருக்கு இந்த வாசல் கிட்டத்தட்ட மூடிவிட்டது.

இவ்வளவு இறுக்கியதும் தீமை நின்றதா? திருட்டுச் சாவிகளின் மதிப்புக் குறைந்தது, கண்டபடி டிரைவர் இறங்குவதும் குறைந்தது. அந்தப் பலனை நான் மறுக்கவில்லை. ஆனால் 2021 ஜூனில், நெட்ஃபில்டர் என்ற தீய டிரைவர் ஒன்று மைக்ரோசாஃப்டின் கையெழுத்தோடேயே சுற்றுவதை ஜெர்மனியின் ஜி டேட்டா நிறுவனத்தார் கண்டுபிடித்தார்கள். 2024 ஜூலை 19 உங்களுக்கே நினைவிருக்கும். விமான நிலையங்களில் பயணச்சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்களே, அந்த நாள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் டிரைவர், புதிதாக வந்த ஒரு தவறான தரவுக் கோப்பைப் படித்துத் தடுமாறியது. மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி சுமார் 85 லட்சம் கணினிகள் படுத்தன. அந்த டிரைவரின் கையெழுத்தில் ஒரு குறையும் இல்லை.

நாற்பது வகுப்புப் பிள்ளைகளுக்கு மாற்றுச் சான்றிதழ் போனதைப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன். அதில் நன்னடத்தை என்ற இடத்தில் அநேகமாக எல்லோருக்கும் "நன்று" என்றே இருக்கும். அந்தச் சான்றிதழ் உண்மையில் சொல்வது, இந்தப் பிள்ளை இந்தப் பள்ளியிலிருந்து வருகிறது என்பதைத்தான். பிள்ளை எப்படிப்பட்டது என்பது, கூட உட்கார்ந்து அதன் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டியவர்களுக்கே தெரியும்.

டிரைவரின் கையெழுத்தும் அப்படித்தான். "யாரிடமிருந்து வருகிறாய்? வழியில் யாராவது உன்னை மாற்றினார்களா?" என்ற கேள்விகளுக்கு அது நன்றாகப் பதில் சொல்லும். "உனக்குள் என்ன இருக்கிறது?" என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை. அந்தப் பதில் திறந்த மூலத்திடம் இருக்கிறது. நோட்டை விரித்து வைத்துவிட்டு, வந்து பாருங்கள் என்கிறது. முதல் கேள்விக்கு உலகம் அலுவலகம் கட்டி, கட்டணம் வைத்து, வாசலில் ஆளும் போட்டுவிட்டது. இரண்டாவது கேள்விக்குப் பதில் வைத்திருப்பவர்கள்தான் அந்த வாசலில் அதிக நேரம் நிற்கிறார்கள். எனக்கு வருத்தம் இதில்தான்.

இரண்டையும் இணைக்க ஒரு முயற்சி நடக்கிறது. டெபியன் லினக்ஸ்காரர்கள் 2013 முதல் இதில் உழைக்கிறார்கள். ஒரே மூல நிரலை யார், எங்கே தொகுத்தாலும் ஒரு பிட் கூட மாறாமல் அதே கோப்பு வர வேண்டும் என்பது நோக்கம். ஒரே கணக்கைப் பத்துப் பேர் தனித்தனியே போட்டு ஒரே விடை வந்தால் விடையை நம்பலாம் அல்லவா? படித்த நிரலும் கையெழுத்திட்ட கோப்பும் ஒன்றுதான் என்று அப்போது எவரும் சரிபார்க்கலாம்.

நம்மைப் போன்றவர்கள் செய்யக்கூடியது என்ன? கையெழுத்துச் சோதனையை நிரந்தரமாக அணைத்து வைக்காதீர்கள். ஒரு டிரைவருக்காக அணைத்த கதவு மற்ற எல்லோருக்கும் திறந்தே கிடக்கும். இலவச டிரைவர் வேண்டுமென்றால் அந்தத் திட்டத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். ஸேடிக் மாதிரி, கெர்னலைத் தொடாத வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கையெழுத்து இருக்கிறது என்பதற்காக மட்டும் எதையும் இறக்காதீர்கள். முடிந்தவர்கள், நீங்கள் பயன்படுத்தும் ஒரு திறந்த மூலத் திட்டத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை சிறு தொகை அனுப்புங்கள். ஊருக்கு இலவசமாகக் கொடுப்பவர், தன்னை நிரூபிக்கும் கட்டணத்தையும் தன் கைக்காசில் கட்ட வேண்டியதில்லை.

உங்களில் சிலர் இந்தத் துறையிலேயே வேலை செய்கிறீர்கள். டிரைவருக்குக் கையெழுத்து வாங்கிய அனுபவம் இருந்தால் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள், மற்ற பிள்ளைகளும் படிப்பார்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்